கன்டீனும் கொழுந்துத் தராசும்

சாதாரணதரப் பரீட்சையில் மூன்று தடவையும் கணிதத்தில் கோட்டை விட்டவனுக்கு எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இரண்டு வழிகள்தான் இருந்தன. விடியற்காலையில் பெரட்டுக் களத்துக்குப் போய், கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிடும்வரை பனியில் கைகட்டி நின்று, மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு மலை ஏறலாம். இல்லாவிட்டால் பதுளைக்கு இறங்கி யாருடைய கடையிலாவது எச்சில் கிளாஸ் கழுவலாம். கிளாஸ் கழுவுவதில் எனக்குக் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. அம்மாவை லயத்து வீட்டில் தனியாக விட்டுப்போகத்தான் மனம் வரவில்லை. பெரட்டு என்ற அந்த ஆள் கணக்கெடுப்போ எனக்கு ஆகவே ஆகாது. என் அப்பா ஒருநாள் பிந்திப் போனதற்காக, அத்தனை பேர் முன்னிலையிலும் கணக்கப்பிள்ளை அவரை 'டேய்' போட்டு விரட்டியதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அப்பா போய்ச்சேர்ந்த பிறகும் அந்த 'டேய்' எனக்குள் இருந்தது. அந்த மனிதரின் வாயால் என் பெயரைக் கூப்பிட விடுவதில்லை என்று எனக்கு நானே சபதம் போட்டிருந்தேன்.

எழுபதுகளின் கடைசி அது. அரசாங்கம் தோட்டப் பள்ளிக்கூடங்களை ஒவ்வொன்றாகப் பொறுப்பேற்றுக்கொண்டிருந்தது. பசறை ரோட்டுக்கு மேலே இருந்த எங்கள் பள்ளிக்கூடத்துக்கும் ஒரு தலைமையாசிரியர் வந்துசேர்ந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். கொழுந்து பறிக்கும் பெண்கள் முன்பு கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பரா ஒன்று பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் பாழடைந்து கிடந்தது. அதைக் கூட்டிப் பெருக்கி அங்கே கன்டீன் திறக்கப்போவதாக அவர் அறிவித்த அன்றே நான் போய் அவர் முன்னால் நின்றேன்.

"தம்பி, நீர் சமைப்பீரோ?"

"சமைப்பேன் சார்."

"கணக்கு?"

பரீட்சைக் கதையைச் சொன்னேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"பரவாயில்லை. வடைக்கு அட்சரகணிதம் தேவைப்படாது."

இப்படியாக நான் முதலாளி ஆனேன். பருப்பு வடை, பணிஸ், ரொட்டியும் சம்பலும், மாங்காய் அச்சாறு, பிளேன்டீ. கொஞ்ச நாள் கழித்து, பதுளைக் கடைத்தெருவில் ஒரு முஸ்லிம் முதலாளி சிவப்பாக ஒரு சர்பத் போத்தலை நீட்டி, "கொண்டுபோங்க தம்பி, ஒரு மூடி ஊத்தினா ஒரு வாளிக்குக் காணும். குடிச்சா ரத்தம் ஊறும்" என்றார். ரத்தம் ஊறியதா என்று எனக்குத் தெரியாது. பிள்ளைகளின் நாக்குகள் மட்டும் இரண்டு நாளைக்குச் சிவப்பாகவே இருந்தன. எங்கள் பிள்ளைகளுக்கு அது பெருமையாக இருந்தது. நாக்கை நீட்டிக்கொண்டே வகுப்புக்குப் போனார்கள்.

வினை அங்கேதான் தொடங்கியது. தொழிற்சாலையில் தேயிலை பதப்படுத்துவதற்குப் பொறுப்பான உத்தியோகத்தரை டீ மேக்கர் என்போம். அவருடைய மகன் வீட்டுக்குப் போய் அம்மாவைப் பார்த்துச் சிரித்திருக்கிறான். அந்த அம்மா பிள்ளை ரத்தம் கக்குகிறான் என்று அலறி, மகனைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து டிஸ்பென்சரிக்கு ஓடினார். அங்கே கொடுத்த தண்ணி மருந்தும் அதே சிவப்பு. குடித்ததும் நாக்கு இன்னும் சிவந்தது. அந்த அம்மா மறுபடியும் அலறினார். அந்தி சாய்வதற்குள், கன்டீன்காரன் பிள்ளைகளுக்கு என்னமோ ஊற்றிக் கொடுக்கிறான் என்ற சேதி மேல் லயம், பணிய லயம் எல்லாவற்றுக்கும் போய்விட்டது.

பெற்றார் ஆசிரியர் சங்கம் கூடியது. அதற்குத் தலைவர் வேறு யார், கணக்கப்பிள்ளைதான். தோட்டத்தில் எந்தச் சங்கம் தொடங்கினாலும் அவரே தலைவர். கோயிலுக்கும் அவர், மரண உதவிக்கும் அவர், கால்பந்துக்கும் அவர். அம்மாமார் ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். வடை வாயு. அச்சாறு சூடு. சர்பத் குளிர்ச்சி. பணிஸ் தின்றால் வயிறு கட்டிக்கொள்கிறது. ரொட்டி தின்றால் இளகிவிடுகிறது. இரண்டையும் சேர்த்துத் தின்றால் சரியாகிவிடுமே என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். சில வருடங்களுக்கு முன்புதான் மாவுக்கும் அரிசிக்கும் தட்டுப்பாடு வந்து, இதே பிள்ளைகள் வேளைக்கு வேளை அவித்த மரவள்ளியைத் தின்று கிடந்தார்கள். சாப்பாடு கிடைக்குமா என்று கேட்ட காலம் போய், சாப்பாடு கெடுதலா என்று கேட்கும் காலம் வந்ததில் எனக்கும் உள்ளூர மகிழ்ச்சிதான். அந்தக் கேள்விக்கு என் கன்டீன்தானா அகப்பட்டது என்பதுதான் கோபம்.

"சும்மா பேசி வேலையில்ல. நானே டேஸ்ட் பாத்துச் சொல்றேன்" என்றார் டீ மேக்கர் ஐயா.

அவருக்குத் தெரிந்த ருசி பார்க்கும் முறை ஒன்றுதான். மறுநாள் தொழிற்சாலையிலிருந்து வெள்ளைப் பீங்கான் கிண்ணங்கள் வந்து இறங்கின. தலைமையாசிரியரின் மேசையில் அவற்றை வரிசையாக அடுக்கினார். ஒரு கிண்ணத்தில் ஒரு வடை. அடுத்ததில் அரைப் பணிஸ். அதற்கடுத்ததில் அச்சாறு. எல்லாவற்றின் மேலும் கொதிதண்ணீரை ஊற்றி, மூடியால் மூடிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். சாயம் இறங்க வேண்டுமாம். பெற்றோர் எல்லோரும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நேரமானதும் மூடியைத் திறந்து, வடையின் சாயத்தைக் கரண்டியில் எடுத்து, 'சர்ர்ர்' என்று உறிஞ்சினார். வாயில் உருட்டினார். பக்கத்தில் இருந்த வாளிக்குள் துப்பினார். பணிஸ், துப்பல். அச்சாறு, துப்பல். சர்பத்துக்கும் கொதிதண்ணீர் ஊற்றி, அதையும் உறிஞ்சித் துப்பினார்.

"அச்சாறுல நல்ல திடம் இருக்கு. வடையில கொஞ்சம் பொகை வாசம். பணிஸ்ல சாயமே எறங்கல. மொத்தத்துல மோசமில்ல" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிவிட்டு வாயைத் துடைத்தார்.

மோசமில்லை என்றது ஜன்னலுக்கு வெளியே யாருக்கும் கேட்கவில்லை. துப்பியதை எல்லோரும் பார்த்தார்கள். "ஐயாவே வாயில வைக்க முடியாம துப்பிட்டாரு" என்று பணிய லயம்வரை பேச்சு. தேயிலையையும் அவர் இப்படித்தான் நாள் தவறாமல் துப்புகிறார், அதை உலகமே குடிக்கிறது என்று நான் தொண்டை கிழியக் கத்திப்பார்த்தேன். யார் கேட்டார்கள்?

கூட்டம் திரும்பக் கூடியபோது தலைமையாசிரியர் எழுந்தார். "நாக்கை நம்பேலாது. நாங்கள் விஞ்ஞானபூர்வமாய்ப் பாப்பம். பள்ளித் தவணை தொடங்கேக்கை பூச்சி மருந்து குடுக்கிறதுக்கு எல்லாப் பிள்ளையளையும் டிஸ்பென்சரியில எடை நிறுத்தவை. அந்த எடை எழுதிக் கிடக்கு. இப்ப திரும்ப நிறுத்துப் பாத்தால், கன்டீன் சாப்பாட்டால பிள்ளையள் கொழுத்ததோ மெலிஞ்சதோ எண்டு தெரிஞ்சுபோகும்" என்றார்.

எனக்கு இது பிடித்திருந்தது. என் வடையை மூன்று மாதம் தின்ற பிள்ளை மெலிய வாய்ப்பே இல்லை. ஆனால் டிஸ்பென்சரித் தராசு அதற்குள் உடைந்து, திருத்துவதற்காகப் பதுளைக்குப் போயிருந்தது. அதனால் என்ன, மடுவத்துத் தராசு இருக்கிறதே என்றார் கணக்கப்பிள்ளை. மடுவம் என்பது பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகை. மறுநாள் பிள்ளைகள் அத்தனை பேரும் அங்கே வரிசையில் நின்றார்கள். உத்தரத்திலிருந்து தொங்கிய தராசின் கொக்கியில் வெறும் கொழுந்துச் சாக்கை மாட்டி, முள்ளைப் பூச்சியத்துக்குத் திருப்பிச் சரிசெய்ய வைத்தார் தலைமையாசிரியர். சாக்கின் எடை பிள்ளையின் எடையோடு சேர்ந்துவிடக் கூடாதாம். அப்புறம் ஒவ்வொரு பிள்ளையாகச் சாக்குக்குள் இறங்கியது. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். தலை மட்டும் வெளியே தெரிய ஆடிக்கொண்டு தொங்கினார்கள்.

கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்த்து எண்ணைச் சொல்ல, தலைமையாசிரியர் எழுதினார்.

"முப்பத்தெட்டு!"

தவணைத் தொடக்கத்தில் அந்தப் பிள்ளை நாற்பத்திரண்டு ராத்தல். அடுத்த பிள்ளை முப்பத்தொன்பதிலிருந்து முப்பத்தைந்து. அதற்கடுத்ததும் நாலு குறைவு. வரிசையில் நின்ற அம்மாமாரில் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழவே தொடங்கிவிட்டாள்.

நான் தராசின் பக்கவாட்டில் நின்றிருந்தேன். முள் எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவர் முப்பத்தெட்டு என்றபோது முள் நாற்பத்திரண்டில் நின்றது.

அவர் வேண்டுமென்று செய்யவில்லை. அதைச் சத்தியம் செய்தே சொல்வேன். கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கு, ஈரத்துக்கு, காம்புக்கு என்று கழிவு போடுவது வழக்கம். மழையானாலும் கழிவு, மண் வெடிக்கும் வெயிலானாலும் அதே கழிவு. முள்ளில் ஒன்று இருக்கும், வாயில் நாலு குறைந்து வரும். இருபது வருடமாக அந்தத் தராசின் முன்னால் நின்று உண்மையான எண்ணைச் சொல்லிப் பழக்கமில்லாத வாய் அது. பிள்ளைகளுக்கும் ஈரக் கழிவு போட்டுவிட்டது.

அன்று பின்னேரம் கணக்கப்பிள்ளை கன்டீனுக்கு வந்தார். ஒரு நாளும் வராதவர். பிளேன்டீ கேட்டார். குடித்து முடிக்கும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை.

"தம்பி, நீ முள்ளப் பாத்த. நீ பாத்தத நானும் பாத்தேன்" என்றார்.

"அப்ப சொல்லிருங்க ஐயா. வாய் தவறிருச்சுன்னு ஒரு வார்த்தை."

"வாய் தவறல. அதான்பா கஷ்டம். பிள்ளைக்கி நாலு ராத்தல் தப்பாச் சொன்னேன்னு இன்னிக்கி சொன்னா, நாளைக்கி மடுவத்துல கொழுந்து போடுற பொம்பளைங்க என்ன கேப்பாங்க? தோட்டத்துத் தொரை என்னைத்தான் வேலைய விட்டுத் தூக்குவாரு. கழிவு போடச் சொன்னது நானில்லைன்னு சொல்ல முடியுமா?" கிளாஸைக் கீழே வைத்தார். "கடையை விட்டுரு. நாளைக்கே ஒம் பேரைப் பதிஞ்சுக்கிறேன். மம்பட்டி வேணாம், லேசான வேலையாப் போட்டுத் தாரேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் வைத்த கிளாஸை வெடுக்கென்று எடுத்துக் கழுவப் போட்டேன். நான் எந்தப் பள்ளத்தில் விழக்கூடாது என்று இத்தனை நாள் ஓடினேனோ, அதையே பரிசாக நீட்டுகிறார்! யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். யோசிக்கவும் செய்தேன். கணிதத்தில் மூன்று தரம் தோற்றவனுக்கு அன்று அபாரமான ஒரு யோசனை வந்தது.

கூட்டுறவுச் சங்கக் கடையில் இரும்புப் படிக்கல் உண்டு. இருபத்தெட்டு ராத்தல். எடை அதன் வயிற்றிலேயே வார்த்திருக்கும். மனேஜரைக் கெஞ்சி ஒன்றை இரவல் வாங்கி, அன்றிரவு கன்டீனில் பூட்டி வைத்தேன். அடுத்த நாள் தீர்ப்புச் சொல்ல எல்லோரும் மடுவத்தில் கூடியபோது, வாய் கட்டிய ஒரு மூட்டையைக் கொண்டுபோய்க் கொக்கியில் மாட்டினேன்.

"ஐயா, இதையும் ஒரு தடவை நிறுத்துச் சொல்லுங்க."

அவருக்கு என்ன ஏது என்று புரிவதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"இருபத்திநாலு!"

நான் மூட்டையை இறக்கி, கட்டை அவிழ்த்து, படிக்கல்லை எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தேன். வயிற்றில் 28. என் வாழ்நாளில் அவ்வளவு கர்வமாக நான் நின்றதில்லை. கணக்கப்பிள்ளையின் முகம் சாம்பலாகிவிட்டது. பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தார்கள். அவர்களுக்கு விளங்கிவிட்டது என்று எனக்கு விளங்கியது. ஒரு வார்த்தை, யாராவது ஒருத்தி ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

முள்ளைப் பார்க்காத தலைமையாசிரியருக்கு மட்டும் விளங்கவில்லை. தராசு பொய் சொல்லும் என்று தெரியாத ஊரில் கணிதம் படித்தவர். கல்லைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது ஆரின்ரை கல்லு?"

"சங்கக் கடைக் கல்லு சார்."

"நேற்று எங்கை வைச்சிருந்தனீர்?"

"கன்டீன்ல சார்."

கூட்டத்தின் பின்னால் நின்ற ஒருவன், யாரென்று இன்றுவரை தெரியாது, குரல் கொடுத்தான்.

"ஒரு ராத்திரி கன்டீன்ல இருந்ததுக்கு இரும்பே நாலு ராத்தல் எளைச்சிருக்கு! பிள்ளைங்க எம்மாத்திரம்?"

அவன் வேடிக்கைக்குத்தான் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கணக்கப்பிள்ளைக்கு உயிர் திரும்பி வந்தது. அவரும் சிரித்தார். பெண்கள் சிரித்தார்கள், அவர்களுக்கும் அது பெரிய ஆறுதலாகிவிட்டது. சிரித்து ஓய்ந்தபோது வேடிக்கை தீர்மானமாகியிருந்தது. கன்டீனை மூடுவதென்று முடிவு. தலைமையாசிரியர் என் தோளில் தட்டி, "கல்லிலையும் விளையாடியிருக்கிறீர், தம்பி. இதை நான் உம்மட்டை எதிர்பார்க்கேல்லை" என்றார். நிஜமாகவே மனம் நொந்துதான் சொன்னார்.

நான் கூட்டத்தில் ஒரே ஒரு முகத்தைத் தேடினேன். அம்மா முன்வரிசையில்தான் நின்றாள். அந்தத் தராசில் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து கொழுந்து போடுகிறவள். அவள் சிரிக்கவில்லை. வாயையும் திறக்கவில்லை.

லயத்தில் எங்கள் காம்பராவுக்கு வந்ததும் வெடித்தேன். "ஒனக்குத் தெரியும். தெரிஞ்சும் மரமா நின்ன. பெத்த பிள்ளையோட பொழைப்புப் போகுது, ஒரு வார்த்தை சொல்லத் தோணலியா?"

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள். "ஒன் கடை போனா நீ பேரு பதியலாம்டா. தோட்டத்துல எம் பேரை வெட்டிட்டா இந்தக் காம்பராவே போயிரும். ரெண்டு பேரும் எங்க போயி நிக்கிறது?"

அவள் சொன்னது நியாயம்தான். ஆனாலும் அவள் போட்ட ரொட்டியைத் தொடாமல் படுத்துக்கொண்டேன். அன்றைக்கு அவளை நான் வெறுத்தேன். கணக்கப்பிள்ளையைவிட அதிகமாக வெறுத்தேன்.

விடிந்ததும் பெரட்டுக்குப் போனேன். பனியில் கைகட்டி நின்றேன். அவர் என் பெயரைக் கூப்பிட்டார். 'டேய்' போடவில்லை, அதுவே பெரிய காரியம். சொன்னபடியே லேசான வேலைதான் தந்தார். மடுவத்தில் அவர் பக்கத்தில் நின்று சாக்குகளைக் கொக்கியில் மாட்டி இறக்க வேண்டும்.

அந்தி நிறுவைக்குப் பெண்கள் வரிசையாக வந்தார்கள். முள்ளுக்கும் அவர் வாய்க்கும் நடுவில் நான் நின்றேன். ஒவ்வொரு தடவையும் அவருடைய கண் என்மேல் பட்டு விலகியது. ஒவ்வொரு தடவையும் எண் குறைந்தே வந்தது. அம்மாவின் முறை வந்தது. அவளுடைய சாக்கை மாட்டினேன். முள் ஏறி முப்பத்தொன்றில் நின்றது. கணக்கப்பிள்ளை என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"முப்பத்தொண்ணு."

முழு எண். அந்தக் கொட்டகையில் அப்படி ஓர் எண்ணை அதற்கு முன் நான் கேட்டதில்லை. வரிசையில் நின்ற பெண்கள் சடாரென்று நிமிர்ந்தார்கள். எனக்கு ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது, ஒருவருக்காவது சரியாகச் சொல்லிவிட்டாரே என்று. அம்மா நகரவில்லை.

"நாலு ராத்தலைக் கழிச்சு எழுதுங்க ஐயா" என்றாள்.

"என்ன?"

"எல்லாத்துக்கும் கழிக்கிறீங்க. எனக்கும் கழிங்க." வரிசையின் கடைசிவரை கேட்கும் குரல். "நேத்து எம் மகனுக்காக வாயத் தொறக்காம நின்னேன். அதுக்குக் கூலி எனக்கு வேணாம்."

கணக்கப்பிள்ளையின் பென்சில் எழுதுகிறதா அழிக்கிறதா என்று தெரியாமல் தாளில் நின்றது. எத்தனையோ வருடமாக அந்தத் தோட்டத்தில் யாரும் உரக்கச் சொல்லாத ஒன்றை, இல்லை என்று சாதிக்க இனி வழியில்லாதபடி, அவள் தன் கூலியில் குறைத்துக்கொள்ளச் சொல்லியே சொல்லிவிட்டாள். இப்போது அவளுக்குக் கழித்தாலும் அது ஒப்புக்கொண்டதாகிவிடும், கழிக்காவிட்டாலும் ஒப்புக்கொண்டதாகிவிடும்.

"இருபத்தேழு" என்றார் அவர், கடைசியில். யாருக்கும் கேட்காத குரலில்.

நான் சாக்கை இறக்கினேன். அம்மா வெறுங்கூடையை முதுகில் மாட்டி, தலையில் அதன் கயிற்றைச் சரிசெய்துகொண்டாள். என் பக்கம் திரும்பி, "ராத்திரியாச்சும் சாப்புடுவியா?" என்று கேட்டாள். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று பயந்து தலையை மட்டும் ஆட்டினேன்.